மண் தரும் பொத்தான்கள்: அறிதலும் காத்தலும்

நார்த்தாமலை என்றதும் விசயாலய சோழீச்சுரமும் குடைவரைக் கோயில்களும் நம் நினைவில் எழுகின்றன. கல்லிற் பொறித்த வரலாற்றைப் போற்றும் நாம், மண்ணிற் கிடைக்கும் சிறு உலோகத் துண்டைப் பொருட்படுத்துவதில்லை. கிணறு வெட்டும்போதோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ வட்டமான செப்புத் துண்டு அகப்பட்டால், 'அம்மன் காசு' என்று கூறிப் புளியிட்டுத் தேய்த்துவிடுகிறோம். அது படைவீரன் ஒருவனின் சீருடைப் பொத்தானாகவும் இருக்கலாம்.

இவ்வூர்ப்பக்கம் படைவீரர் பொத்தான் வருமோ என ஐயுற வேண்டியதில்லை. திருச்சிராப்பள்ளிக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்ட நிலம் படைகள் நடந்த நிலம். 1751 முதல் 1754 வரை திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்து நிகழ்ந்த போரில், தொண்டைமான் சீமையிலிருந்து கும்பினிப் படைக்கு உணவுப்பொருள்கள் சென்றன. அவற்றைக் காத்துக் கொண்டுசேர்த்தவருள் சிப்பாய்ப் படைத்தலைவர் முகம்மது யூசுப்கான் குறிப்பிடத்தக்கவர். பின்னாளில் திருச்சிராப்பள்ளி பெரியதொரு படைநிலையமாக விளங்கியது. பணி முடிந்து ஊர் திரும்பியோர் உடுத்திய பழஞ்சட்டைகளும் இம்மண்ணில் மக்கியிருக்கலாம்.

அறியும் முறை

முதலில் பின்புறத்தை நோக்க வேண்டும். நூல் கோக்கும் வளையமோ, அது ஒட்டியிருந்த தழும்போ காணப்படின் அது பொத்தான். அம்மன் காசிலோ ஒருபுறம் அமர்ந்த அம்மன் உருவும், மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்னும் சொல்லும் இருக்கும்.

அடுத்து முன்புறம். பிரித்தானியக் காலாட்படைப் பொத்தான்களில் படைப்பிரிவின் எண் பொறிக்க வேண்டும் என 1767இல் ஆணை பிறந்தது. ஆகவே, எண் பொறித்த பொத்தானை 1750களின் போரோடு இணைத்துப் பேசுவது பொருந்தாது. சாதாரண வீரர்களுக்கு 1855 வரை வெள்ளீயக் கலவைப் பொத்தான்களும் அதன்பின் பித்தளைப் பொத்தான்களும் வழங்கின. 1871இல் அவர்களுக்கு அரச இலச்சினை கொண்ட பொதுப் பொத்தான் வந்தது. முடியின் வடிவமும் காலம் காட்டும்: அதன் வளைவுகள் நடுவில் தாழாது வில்போல் உயர்ந்திருப்பின், பெரும்பாலும் 1901க்குப் பிற்பட்டது எனலாம். அசோகச் சிங்கங்கள் இருப்பின் அது குடியரசு இந்தியாவின் பொத்தான். பின்புறத்தில் செய்தவர் பெயரும் ஊரும் இருப்பதுண்டு. அவையும் காலத்தை உறுதிசெய்ய உதவும்.

தூய்மை செய்தல்

இங்குதான் நாம் பெரிதும் பிழை செய்கிறோம். புளி, எலுமிச்சை, சாம்பல், கடையில் விற்கும் மெருகுப் பசை ஆகிய யாவும் பகை. புளிப்பு உலோகத்தை அரிக்கும். சாம்பலும் பசையும் தேய்த்துத் தேய்த்து எழுத்தை மழுங்கச் செய்யும். அதிகாரிகளின் பொத்தான்களிலுள்ள மெல்லிய பொன்முலாம் ஒரே தேய்ப்பில் மறைந்துவிடும். ஒளி வந்தது என்று மகிழும்போது, எண் போய்விட்டிருக்கும்.

மண்ணை உலரவிட்டு மென்தூரிகையால் தட்டுக; இடுக்கிலுள்ளதை மூங்கிற் குச்சியால் மெல்ல நீக்குக. வேண்டுமாயின் காய்ச்சி வடித்த நீரில் சிறிது நனைத்து உடனே முற்றும் உலர்த்துக. வழவழப்பான கரும்பச்சைப் படலம் உலோகத்துக்குக் காப்பு, அதனை அகற்றலாகாது. வெளிர்பச்சைப் பொடி உதிருமாயின், அது மண்ணின் உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தின்னும் நோய். அதனைத் தனியே ஈரமற்ற இடத்தில் வைத்து, வல்லுநரிடம் காட்டுதல் வேண்டும்.

பொத்தானினும் பெரிது

பொத்தானைக் காட்டிலும் அது கிடைத்த இடம் பெரிது. இடமறியாப் பொத்தான் அணிகலப் பெட்டியில் கிடக்கும் ஒரு துண்டு. இடமறிந்த பொத்தானோ ஒரு படையின் வழியையோ பாசறையையோ காட்டும் சான்று. எனவே கிடைத்த நாள், இடம், ஆழம், உடன் கிடைத்தவை ஆகியவற்றைத் தாளில் குறித்து உடன் வைத்தல் வேண்டும்.

தேடித் தோண்டுதலை நாம் பரிந்துரைக்கவில்லை. நார்த்தாமலையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள் இசைவின்றித் தோண்டுவது குற்றம். மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடன் அகப்படும் பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். தற்செயலாகக் கிடைத்ததைத் திருக்கோகர்ணத்தில் 1910இல் தோன்றிய புதுக்கோட்டை அருங்காட்சியகத்தாரிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாம்.

கல்வெட்டில் மன்னர் பெயர் இருக்கிறது. கூலிக்குப் படையில் சேர்ந்து, இவ்வழியே நடந்து மறைந்த எளியவன் பெயர் எக்கல்லிலும் இல்லை. அவன் விட்டுச்சென்ற எழுத்து அப்பொத்தானில் உள்ள ஓர் எண்ணே. அதையும் நாம் தேய்த்து அழித்துவிடலாகாது. மாணவர்கள் தத்தம் இல்லத்துப் பெரியோரிடம் இதனை எடுத்துரைப்பாராக.