வியன்னாவின் நிலவறை உணவகங்கள்: பீப்பாய் இருந்த இடத்தில் பந்தி

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் பழைய நகரத்தில், தெரு மட்டத்துக்குக் கீழே, செங்கல் வளைவுக் கூரைகளின் அடியில் நடக்கும் உணவகங்களைக் ‘கெல்லர்’ என்கிறார்கள். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு நிலவறை என்றே பொருள். இவற்றில் பல, உணவகத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஒயின் பீப்பாய்களை அடுக்கி வைக்கத் தோண்டப்பட்டவை. முதலில் பீப்பாய் வந்தது, பிறகு குடிக்க ஆள் வந்தார், அவருக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று கடைசியாகச் சாப்பாடு வந்தது. இந்த வரிசை தெரிந்தால் கெல்லரின் மற்ற பழக்கங்கள் எல்லாம் எளிதில் விளங்கும்.

வியன்னா திராட்சை விளையும் ஊர். நகர எல்லைக்குள் இன்றும் சுமார் 600 ஹெக்டேர் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. பழைய நகரமோ கோட்டை மதிலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. பக்கவாட்டில் விரிய இடமில்லாததால் வீட்டுக்காரர்கள் கீழே தோண்டினார்கள். சில வீடுகளின் அடியில் இரண்டு, மூன்று அடுக்கு நிலவறைகள் உண்டு. மண்ணுக்கடியில் சில மீட்டர் ஆழத்தில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வெப்பநிலையில் பெரிய மாறுதல் இருப்பதில்லை. ஒயின் கெடாமல் இருக்க வேண்டியது அந்தக் குளுமைதான். இரண்டாம் உலகப் போரில் இந்த நிலவறைகள் குண்டுவீச்சுக்குப் பதுங்கும் இடங்களாயின. ஒரு வீட்டில் இடிபாடு அடைத்துக்கொண்டால் அடுத்த வீட்டு வழியாகத் தப்பிக்க, இடைச்சுவர்களை உடைத்து இணைத்தார்கள்.

பெரிய நிலவறைகள் மடங்களுக்கும் பிரபுக்களுக்கும் சொந்தமாக இருந்தன. டான்யூப் கரையில் உள்ள மெல்க் மடத்துக்கு வியன்னாவில் ஒரு மாளிகை உண்டு. அதன் அடியில் இருப்பது ‘மெல்கர் ஷ்டிஃப்ட்ஸ்கெல்லர்’. எஸ்டர்ஹாஸி பிரபு குடும்பத்தின் பெயரில் இயங்கும் ‘எஸ்டர்ஹாஸிகெல்லர்’, துருக்கியப் படை நகரை முற்றுகையிட்ட 1683ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்கிறது. சோனன்ஃபெல்ஸ்காஸ தெருவில் உள்ள ‘ஸ்வோல்ஃப் அபோஸ்டல்கெல்லர்’, அதாவது பன்னிரு சீடர்களின் நிலவறை, பரோக் பாணி முகப்புள்ள ஒரு பழைய வீட்டின் கீழே இரண்டு அடுக்காக இறங்குகிறது. நகர மதிலை இடிக்கும்படி பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் 1857இல் ஆணையிட்டார். இடிபடாமல் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தின் அடியில் தப்பிய மதில் பகுதியில் ‘அகஸ்டினர்கெல்லர்’ நடக்கிறது. வேண்டுமென்றே உணவகமாகக் கட்டியதும் உண்டு: புதிய நகர மண்டபத்தின் கீழே 1899இல் திறக்கப்பட்ட ‘ராத்ஹவுஸ்கெல்லர்’ அந்த வகை.

1784இல் பேரரசர் இரண்டாம் யோசஃப் பிறப்பித்த ஓர் ஆணை, திராட்சை விவசாயிகள் தங்கள் சொந்த ஒயினைத் தாங்களே விற்கலாம் என்று அனுமதித்தது. அப்படிப் பிறந்த தோட்டத்து மதுக்கடைக்கு ‘ஹாய்ரிகர்’ என்று பெயர். அங்கே விற்கும் இந்த ஆண்டு ஒயினுக்கும் அதே பெயர்தான். கடை திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக வாசலில் பைன் மரக் கொத்து ஒன்றைத் தொங்கவிடுவார்கள். ஹாய்ரிகர்கள் நகரின் ஓரத்துக் கிராமங்களில் இருப்பவை. அந்தச் சூழலை நகர நடுவில் தரும் கெல்லர்கள் தங்களை ‘ஷ்டாட்ஹாய்ரிகர்’, அதாவது நகரத்து ஹாய்ரிகர், என்று சொல்லிக்கொள்கின்றன.

உள்ளே இறங்கும் படிகள் பெரும்பாலும் செங்குத்தானவை. கீழே போனதும் நீண்ட மர மேசைகளும் முதுகு நிமிர்ந்த பெஞ்சுகளும் இருக்கும். கூட்ட நேரத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் உட்காருவது வழக்கம்; ‘இடம் இருக்கிறதா?’ என்று கேட்டுவிட்டு அமர்ந்தால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

ஒயினை இங்கே புட்டிக் கணக்கில் கேட்பதைவிடக் கோப்பைக் கணக்கில் கேட்பதே அதிகம். ‘ஆக்டெல்’ என்றால் லிட்டரில் எட்டில் ஒரு பங்கு, 125 மில்லி. ‘ஃபியர்டெல்’ என்றால் கால் லிட்டர். கோப்பையின் மேற்பகுதியில் மெல்லிய அளவுக் கோடு ஒன்று இருக்கும். அந்தக் கோடு வரை ஊற்றியாக வேண்டும். ஆஸ்திரியாவில் மிகுதியாகப் பயிராகும் திராட்சை ‘க்ரூனர் வெல்ட்லினர்’; மிளகு வாசனை லேசாக வீசும் வெள்ளை ஒயின் அதிலிருந்து வருகிறது. ஒரே தோட்டத்தில் பல வகைக் கொடிகளைக் கலந்து நட்டு, ஒன்றாகப் பறித்து, ஒன்றாகவே நொதிக்க வைக்கும் ‘கெமிஷ்டர் ஸாட்ஸ்’ வியன்னாவின் தனி அடையாளம். சரிபாதி சோடா கலந்த ஒயின் ‘க்ஷ்ப்ரிட்ஸ்டர்’. இலையுதிர் காலத்தில் மட்டும் கிடைக்கும் ‘ஷ்டுர்ம்’, பாதி நொதித்த நிலையில் கலங்கலாகவும் இனிப்பாகவும் இருக்கும். மது அருந்தாதவர்கள் திராட்சைச் சாற்றில் சோடா கலந்து கேட்கலாம். அதுவும் இங்கே பழகிய பானம்தான்.

சாப்பாட்டில் பழையது குளிர்ந்த தட்டு. மரப்பலகையில் உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய பன்றி இறைச்சித் துண்டுகள், பாலாடைக்கட்டி, ஊறுகாய் வெள்ளரி, கறுப்பு ரொட்டி ஆகியவற்றை அடுக்கித் தருவார்கள். கூடவே ‘லிப்டவர்’ வரும்: மிளகாய்த் தூளும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்த இளஞ்சிவப்புப் பாலாடைக்கட்டித் தொக்கு. இவற்றுக்கு அடுப்பு தேவையில்லை; உப்பு அதிகம் என்பதால் ஒயினும் இறங்கும்.

சூடான உணவில், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்துப் பேரரசின் வரைபடமே தெரியும். குலாஷ் ஹங்கேரியிலிருந்து வந்தது. ரொட்டி அல்லது உருளைக்கிழங்கு மாவில் பிடித்த ‘க்னோடெல்’ உருண்டைகளில் போஹீமியாவின் கைவரிசை பெரிது. குளிர்ந்த தட்டிலும் அப்படித்தான்: லிப்டவரின் பெயரே இன்றைய ஸ்லோவாகியாவில் உள்ள ஒரு பகுதியின் பெயர். பன்றியின் கீழ்க்கால் பகுதியை எலும்போடு மொறுமொறுவென்று சுட்டுத் தரும் ‘ஷ்டெல்ஸ’ ஒருவர் முடிக்கக்கூடிய அளவில் இருக்காது. வேகவைத்த மாட்டிறைச்சியான ‘டாஃபல்ஷ்பிட்ஸ்’, ஆப்பிளும் மூக்கில் ஏறும் குதிரை முள்ளங்கியும் சேர்ந்த துவையலோடு வரும்.

எல்லாவற்றிலும் பெயர்பெற்றது ‘வீனர் ஷ்னிட்சல்’. கன்றிறைச்சித் துண்டைச் சில மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டி, மாவிலும் அடித்த முட்டையிலும் ரொட்டித் தூளிலும் வரிசையாகப் புரட்டுகிறார்கள். தூளை அழுத்தி ஒட்டக் கூடாது. நெய்யிலோ பன்றிக் கொழுப்பிலோ மிதக்கவிட்டு, வாணலியை ஆட்டிக்கொண்டே இருந்தால் சூடான கொழுப்பு மேலே அலையடிக்கும். மேலோடு இறைச்சியைவிட்டு விலகி, பூரி போல உப்பி, சுருக்கம் சுருக்கமாகப் பொன்னிறம் கொள்ளும். அந்த உப்பலே பக்குவத்துக்கு அடையாளம். மேலே சாறு எதுவும் ஊற்றுவதில்லை. ஒரு எலுமிச்சைத் துண்டு போதும். கன்றிறைச்சியில் செய்ததை மட்டுமே வெறுமனே ‘வீனர் ஷ்னிட்சல்’ என்று விற்கலாம்; பன்றி இறைச்சி என்றால் பட்டியலில் அதைக் குறிப்பிட வேண்டும். ஆஸ்திரியத் தளபதி ராடெட்ஸ்கி இதை மிலான் நகரிலிருந்து கொண்டுவந்தார் என்று சொல்வது கட்டுக்கதை.

சைவர்களுக்குப் பட்டியல் குறுகியதுதான். பாலாடைக்கட்டி சேர்த்த ‘ஷ்பெட்ஸ்ல’ மாவுத் துண்டுகள், ரொட்டித் தூளில் பொரித்த காளான் ஆகியவை கிடைக்கும். ஆனால் உருளைக்கிழங்கு சாலட்டில் மாட்டிறைச்சி வேகவைத்த நீரைச் சேர்ப்பது வியன்னா வழக்கம். பொரிக்கும் கொழுப்பு எது என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. ஆப்பிள் ஷ்ட்ரூடல், பிய்த்துப்போட்ட இனிப்பு அப்பமான ‘கைஸர்ஷ்மாரன்’ ஆகியவற்றில் முட்டை உண்டா என்பதைத் தவிர வேறு கவலை இல்லை.

சில கெல்லர்களில் மாலையில் வயலினும் அக்கார்டியனும் ஏந்தியவர்கள் மேசை மேசையாக வருவார்கள். அவர்கள் வாசிப்பதில் ஒரு பகுதி ‘ஷ்ராமெல்’ இசை. யோஹான், யோசஃப் ஷ்ராமெல் என்ற வயலின் கலைஞர்களான சகோதரர்கள் 1878இல் கிதார் கலைஞர் ஒருவரோடு சேர்ந்து தொடங்கிய குழுவின் பெயர் அந்த இசைக்கே நிலைத்துவிட்டது. தன் மேசையில் நின்று வாசித்தவர்களுக்குச் சில யூரோ கொடுப்பது மரியாதை.

நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள். அதையொட்டிய வாரங்களில் வறுத்த பெருவாத்தும் சிவப்பு முட்டைக்கோஸும் பட்டியலில் ஏறும். அன்றோடு முந்தைய அறுவடை ஒயின் ‘ஹாய்ரிகர்’ என்ற பெயரை இழந்து பழைய ஒயினாகிறது. புதிய அறுவடை அந்தப் பெயரை எடுத்துக்கொள்கிறது.

பணம் கொடுக்கும்போது பரிசாரகர் மேசைக்கே வந்து கணக்குச் சொல்வார். மேசையில் சில்லறையை விட்டுவிட்டுப் போவது இங்கே வழக்கமில்லை. 5 முதல் 10 சதவீதம் கூட்டி, மொத்தத் தொகையை வாயால் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.