போர்டில் 100 வாட்! வருவதோ 24 வாட்!

திருவண்ணாமலை,–
பௌர்ணமி கூட்டமும் குழாய் ஸ்பீக்கர் சத்தமும் ஓய்ந்த பிறகு, வீட்டில் நிம்மதியாகப் பாட்டு கேட்க ஆசை. கடையில் ஆம்பிளிபயர் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. நாமே செய்தால் என்ன?

பஸ் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் 'கிளாஸ் டி' போர்டு கிடைக்கும். டிஜிட்டல் ஆம்பிளிபயர் என்பது இதைத்தான். உள்ளங்கை அளவு. மின்சாரத்தை விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை விட்டு விட்டுப் போடுவதால் சூடு கம்மி. கனத்த டிரான்ஸ்பார்மர் வேண்டாம்.

ஆனால் '100 வாட்' என்று போட்டிருக்கிறதே என்று மயங்காதீர்கள்! 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் மாட்டினால் பெருக்கிப் பாருங்கள்: 24 வாட். உள்ளே போவதற்கு மேல் வெளியே எப்படி வரும்?

பழைய லேப்டாப் சார்ஜர் தேவலை. 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்றால் 65 வாட். வீட்டுக் கூடத்துக்குத் தாராளம். அதைப் பிரித்து மட்டும் பார்க்காதீர்கள், உள்ளே 230 வோல்ட்!

ஐ.சி. நம்பரையும் பாருங்கள். டி.பி.ஏ.3116 என்றால் 26 வோல்ட் வரை தாங்கும். பி.ஏ.எம்.8610 என்றால் 15 வோல்ட்தான். அதில் லேப்டாப் சார்ஜரைச் செருகினால் காசு புகையாகப் போகும்.

இன்னொன்று. பழைய பழக்கத்தில் இரண்டு ஸ்பீக்கர் மைனஸ் வயரையும் ஒன்றாக முறுக்காதீர்கள். இந்த போர்டுகளில் அது ஆகாது.