அக்கி மாத்திரையும் சிறுநீரகமும்

புதுக்கோட்டைப் பக்கம் அக்கி வந்தால் காவி எழுதுவாங்க. இப்போ டாக்டர் அசைக்ளோவிர் எழுதுறார். நல்ல மருந்துதான். அதன் உருவாக்கத்தில் பங்காற்றிய கெர்ட்ரூட் எலியன் 1988-இல் நோபல் பெற்றவர்.

சிக்கல், அது வெளியேறும் வழியில். பெரும்பகுதி மாறாமல் சிறுநீரகம் வழியாவே போகுது. ஆனா தண்ணீரில் எளிதில் கரையாது. உடம்பில் நீர் குறைஞ்சா சிறுநீரக நுண்குழாய்களில் ஊசி ஊசியாகப் படிந்து அடைச்சுக்கும். நரம்பில் வேகமாக ஏற்றினால் ஆபத்து அதிகம்; மாத்திரையில் குறைவு, ஆனா இல்லாமல் இல்லை.

அக்கி பெரும்பாலும் வயசானவங்களுக்கு வருது. கூடவே வலிக்கு டைக்ளோஃபினாக், சித்திரை வெயில் எல்லாம் சேர்ந்தா ஆபத்து கூடும். சிறுநீரகக் கோளாறு இருந்தா டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்க. மருந்தின் அளவைக் குறைக்கணும். டாக்டர் தடுக்காதவரை தண்ணீர் தாராளமா குடிங்க. சிறுநீர் குறைஞ்சா உடனே போய் கிரியேட்டினின் பாருங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா பெரும்பாலும் சிறுநீரகம் மீண்டுவிடும்.