காகமும் வடையும்

பாட்டி வடை சுட்ட கதையை அறியாத தமிழ்ச் சிறார் அரியர். ஆயினும் அக்கதை தமிழருக்கே உரியதன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமப் புலவர் பீத்ரசு இலத்தீனிற் பாடிய கதையிற் காகம் கவர்ந்தது, பலகணியில் இருந்த பாலாடைக்கட்டி. 1668இல் பிரெஞ்சுப் புலவர் லா பொன்தேனும் பாலாடைக்கட்டியையே கூறினார். பாளி ஜாதகக் கதையொன்றிலோ காகம் உண்பது, துணுக்காய்ச் சிறார் நன்கறிந்த நாவற்பழம். நரி காகத்தைப் புகழ, காகமும் நரியைப் புகழ்ந்து பழம் உதிர்க்கின்றது; மரத்துறை தெய்வம் இரண்டையும் விரட்டுகின்றது.

தமிழ்க்கதை செய்த மாற்றம் யாது? பாலாடைக்கட்டி வடையானது சிறிய மாற்றமே. இலத்தீனிற் பொருளை இழந்தவர் யாரெனக் கூறப்படவில்லை. தமிழிலோ வடை சுட்டு விற்றுப் பிழைக்கும் ஏழை மூதாட்டி நம் கண்முன் நிற்கின்றாள். ஆகவே, புகழ்ச்சிக்கு மயங்காதே என்னும் நீதியோடு, களவாடிய பொருள் நிலையாது என்னும் நீதியும் ஈண்டு வலுப்பெறுகின்றது.

பிற்கால வழக்கிற் காகம் வடையைக் காலின்கீழ் வைத்துக்கொண்டு கரைகின்றது, நரி ஏமாறுகின்றது. சிறார் கைகொட்டி நகைப்பர். மதி வென்றது மெய்யே. எனினும் களவு கண்டிக்கப்படாது போயிற்று. எனவே, இம்முடிபைக் கூறும் ஆசிரியர், வடையை இழந்த பாட்டிக்கு யார் ஈடு செய்வார் என்னும் வினாவையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும்.