‘மைலேஜ் குறைஞ்சிடுச்சு மச்சி!’ – சாமல்பட்டி டீக்கடை பைக் பேச்சில் எது நிஜம், எது புருடா?

ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரம். இன்னும் முழுசாக விடியவில்லை. சேலம் – ஜோலார்பேட்டை ரயில் பாதையில் இருக்கும் சின்ன ஊர் சாமல்பட்டி. அங்கே ஒரு டீக்கடை முன்னால் நாலைந்து பைக்குகள். டீ கைக்கு வருவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது.

“மச்சி, முன்னெல்லாம் லிட்டருக்கு அம்பது குடுத்துச்சு. இப்போ நாப்பத்தஞ்சைத் தாண்ட மாட்டேங்குது. எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் பண்ற வேலை.”

“செயின் வேற கடகடன்னு சத்தம். சண்டே பார்க்கணும்.”

“போன சண்டேவும் இதையேதான்டா சொன்ன!”

தங்கச்சி கல்யாணம், இ.எம்.ஐ., ஓவர்டைம் என்று எங்கே சுற்றினாலும் பேச்சு கடைசியில் பைக்கில்தான் வந்து நிற்கும். இந்த மாவட்டத்தில் அது ஆச்சரியமும் இல்லை. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது ஓசூரிலிருந்துதான். ஏதர் மின்சார ஸ்கூட்டர் தயாராவதும் ஓசூரில். சாமல்பட்டிக்குப் பக்கத்து வட்டமான போச்சம்பள்ளியில் ஓலாவின் தொழிற்சாலை இருக்கிறது. நாட்டுக்கே வண்டி செய்து அனுப்பும் மாவட்டம் இது.

சரி, அந்த 5 கி.மீ. எங்கே போச்சு? பழியை எத்தனால் மேல் போட்டுவிட்டால் கணக்கு முடிந்துவிடுமா? பார்ப்போம்.

எத்தனால்தான் காரணமா?

ஓரளவுக்கு ஆமாம். 20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. 2025-ல் நாடு முழுக்கப் பரவலாகிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் அதே தூரம் ஓட கொஞ்சம் கூடுதலாக எரிபொருள் வேண்டும்.

எவ்வளவு கூடுதல்? நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் அறிக்கையின் மதிப்பீடு இது: 10% எத்தனாலுக்கு ட்யூன் செய்யப்பட்ட டூவீலர்களில் இ20 போட்டால் மைலேஜ் 3 முதல் 4% வரை குறையலாம்.

50 கொடுத்த வண்டிக்கு 4% என்றால் 2 கி.மீ. அதாவது 48 கொடுக்க வேண்டும். நம்ம டீக்கடை நண்பருக்குக் கிடைப்பது 45. மீதி 3 கி.மீ. எத்தனால் கணக்கில் வராது. அது வண்டியிலேயே எங்கேயோ ஒழுகுகிறது.

காசுக் கணக்கும் போட்டுப் பார்ப்போம். தினமும் 60 கி.மீ., மாதம் 26 நாள் என்றால் 1,560 கி.மீ. 50 மைலேஜில் 31.2 லிட்டர் போதும். 48-ல் 32.5 லிட்டர். 45-ல் 34.7 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எத்தனாலால் போவது சுமார் 130 ரூபாய். பராமரிப்பு இல்லாததால் போவது சுமார் 220 ரூபாய், அதுவும் மாதாமாதம்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இ20-ஐத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வருவது 2023 ஏப்ரலில் இருந்துதான். அதற்கு முந்தைய வண்டி என்றால், சர்வீஸ் விடும்போது பெட்ரோல் ட்யூபையும் ரப்பர் கேஸ்கெட்டையும் பார்க்கச் சொல்லுங்க. வெடிப்போ கசிவோ இருந்தால் உடனே மாற்றிவிடுங்க.

மீதி 3 கி.மீ. எங்கே?

முதலில் மைலேஜை ஒழுங்காக அளங்க. டேங்க்கை ஃபுல் பண்ணி, மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்க. சில நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு, மறுபடி அதே பங்க்கில் ஃபுல் பண்ணுங்க. ஓடிய கிலோமீட்டரை, இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் வந்துவிடும். 100 ரூபாய்க்கு அடித்து, ‘எவ்ளோ ஓடுச்சு’ என்று பார்ப்பது கணக்கில்லை, உத்தேசம்.

அப்புறம் இந்த ஐந்தையும் பாருங்க.

டயர் காத்து: காத்து குறைந்தால் டயர் ரோட்டோடு ஒட்டி உருளும், இன்ஜின் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும். வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் பாருங்க. அளவு செயின் கவர் பக்கம் ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ இருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு என்பதையும் தனியாகப் போட்டிருப்பார்கள்.

பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கா? சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்க. லேசாகச் சுற்ற வேண்டும். ‘கிர்ர்’ என்று சீக்கிரமே நின்றால் பிரேக் உரசுகிறது. பெட்ரோலும் போகும், பிரேக் ஷூவும் தேயும்.

செயின்: “கழிச்ச ஆயிலை ஊத்துனா போதும்ணா” என்பது டீக்கடை வைத்தியம். கழிவு ஆயிலில் உலோகத் துகளும் கசடும் இருக்கும். ரோட்டுத் தூசியும் அதோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி செயினைத் தேய்க்கும். கிரானைட் லாரிகள் ஓடும் நம்ம பக்கத்துச் சாலையில் கேட்கவே வேண்டாம். செயினைத் துடைத்துவிட்டு செயின் லூப் அடிங்க. திறந்த செயின் என்றால் சுமார் 500 கி.மீ.க்கு ஒருமுறை. இதைச் செய்யும்போது இன்ஜின் கண்டிப்பாக ஆஃபில் இருக்கணும். ஓடும் செயினில் துணியை வைத்தால் விரல் போய்விடும்.

ஏர் ஃபில்டர்: தூசி அடைத்தால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். பல பைக்குகளில் இருப்பது எண்ணெய்ப் பசையுள்ள பேப்பர் ஃபில்டர். அதைக் காத்தடித்துச் சுத்தம் செய்யக்கூடாது. மாற்றத்தான் வேண்டும்.

இன்ஜின் ஆயில்: “கார் ஆயில் ஊத்து, பிக்கப் அள்ளும்” என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்க. பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது. கார் ஆயிலில் வழுக்கும் தன்மைக்காகச் சேர்க்கும் பொருட்கள் கிளட்சையும் வழுக்க வைக்கலாம். ஆக்ஸிலேட்டர் முறுக்குவீங்க, சத்தம் வரும், வண்டி நகராது. டப்பாவில் ‘ஜாஸோ எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க.

பழைய பழக்கம், புது வண்டி

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு பெரும்பாலான பைக்குகளில் கார்பரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. காலையில் அஞ்சு நிமிஷம் ஐடிலிங்கில் விடத் தேவையில்லை. ஸ்டார்ட் செய்து, சில விநாடி கழித்து மெதுவாகக் கிளம்பினால் போதும்.

ரிசர்வ்லேயே ஓட்டும் பழக்கத்தையும் விடணும். பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கும் வண்டிகளில் அதைக் குளிரவைப்பது பெட்ரோல்தான். பேட்டரி முழுசாக இறங்கிவிட்டால் தள்ளு ஸ்டார்ட்டும் பெரும்பாலும் உதவாது. நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் இது தெரியவந்தால் கஷ்டம்தான்.

மைலேஜ் மட்டும்தான் பிரச்சினையா?

இல்லை. காத்து இல்லாத டயர் பெட்ரோலை மட்டும் தின்னாது. வளைவில் ஆட்டம் காட்டும், சூடேறி வெடிக்கவும் செய்யும். தளர்ந்த செயின் ஓட்டத்தில் கழன்று பின் சக்கரத்தைப் பூட்டிவிடலாம். தேய்ந்த பிரேக் என்ன செய்யும் என்று சொல்லவே வேண்டாம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்கின்படி 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5% பேர் டூவீலரில் போனவர்கள். எல்லாமே பராமரிப்புக் குறையால் நடந்தவை அல்ல. ஆனால் லாரிகளுக்கு நடுவே, அரைத் தூக்கத்தில் ஷிஃப்ட் முடிந்து வரும்போது பிரேக் பிடிக்குமா என்ற சந்தேகம் இருக்கக்கூடாது.

மைலேஜைத் திருடும் அதே டயரும் செயினும் பிரேக்கும்தான் உயிரோடும் விளையாடுகின்றன. எத்தனால் நம்ம கையில் இல்லை, இந்த மூன்றும் இருக்கின்றன.

ஞாயிறு பத்து நிமிஷம்

காத்து பாருங்க. செயினைத் துடைத்து லூப் அடிங்க. பின் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்க. ஆயில் அளவைப் பாருங்க. ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் எரிகிறதா என்று பாருங்க. ஏதாவது சரியில்லை என்றால் மெக்கானிக் அண்ணனிடம், “சர்வீஸ் பண்ணிடுங்கண்ணா” என்று பொதுவாகச் சொல்லாமல், “பின் பிரேக் உரசுதுண்ணா” என்று குறிப்பாகச் சொல்லுங்க. வேலையும் சீக்கிரம் முடியும், பில்லும் குறையும்.

டீ கிளாஸை வைத்துவிட்டு எல்லோரும் கிளம்புகிறார்கள். செயின் சத்தம் போடும் வண்டி கடைசியாக நகர்கிறது.

“டேய், இந்த சண்டேவாவது பாருடா!”