பென்ஸுக்குள்ள யார் இன்ஜின்?

மானாம்பதியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: “பழைய பென்ஸ் 240டி ஒண்ணு விலைக்கு வருது சார். இன்ஜின் ஒரிஜினல்னு சொல்றாங்க. நம்பலாமா?”

முதல்ல நம்பரைப் பாருங்க. டபிள்யூ123 மாடல் 240டி-யோட இன்ஜின் எண் 616.912-ன்னு ஆரம்பிக்கணும். ஆனா நம்ம நாட்டுல ஒரு விசேஷச் சிக்கல் இருக்கு. அதே ஓஎம்616 இன்ஜினை பென்ஸ்கிட்ட லைசென்ஸ் வாங்கி பஜாஜ் டெம்போ இங்கேயே தயாரிச்சது. டிராக்ஸ் வண்டியில ஓடினது அதுதான். அதைத் தூக்கி பென்ஸுக்குள்ள வெச்சா, பானெட்டைத் திறந்து மேலோட்டமா பார்க்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது. பிளாக்கில் பொறிச்ச எண்தான் காட்டிக்கொடுக்கும். அதை ஆர்.சி. புத்தகத்தோட ஒப்பிடுங்க. பென்ஸ் கம்பெனியோட டேட்டா கார்டு கிடைச்சா இன்னும் நல்லது, ஆலையில் போட்ட இன்ஜின் எண் அதுல இருக்கும். எண் இருக்கிற இடத்தைத் தேய்ச்சிருந்தா பேரமே பேசாதீங்க, கிளம்பிடுங்க.

மாத்தின இன்ஜின் மட்டமா? என்னைக் கேட்டா, இல்லை. உத்திரமேரூர் போய்வர டிராக்ஸ் இன்ஜின் தாராளம். ஆனா ஒரிஜினல் விலையைக் கொடுக்காதீங்க. இன்ஜின் மாத்தினது ஆர்.சி.யில் ஏறியிருக்கணும்; 1988 மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆவது பிரிவு. ஏறலைன்னா நாளைக்கு இன்சூரன்ஸ் கேட்கிறப்போ மாட்டிக்கிறது நீங்கதான், வித்தவர் இல்லை. அதனால, ஏத்திக் கொடுத்த பிறகு அட்வான்ஸ் கொடுங்க.