செம்பும் ஆறாத புண்ணும்

"மிஸ், செம்பு சேர்ந்த கிறீம் ஒன்னு பூசுனா எந்தத் தழும்பும் மறைஞ்சிருமாமே, நெசமா?"

எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில், லயத்து வாசலில் வைத்து அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார். 1983 கலவரத்தின்போது கைக்குழந்தையாக வவுனியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டவர். 2009இல் வன்னியில் ஷெல் துண்டு பட்டுக் காலில் நீண்ட தழும்பு. போர் முடிந்தபின் உறவினரிடம் இங்கே திரும்பி வந்து பால்வெட்டுக்குப் போகிறார். அந்தக் கிறீம் வாங்கவென்று சீட்டுப் பணத்தை எடுத்து வைத்திருந்தார்.

தழும்பின் ஓரத்தில் ஒரு புண்ணும் இருந்தது. முள் கீறி ஒரு மாதமாகிறதாம். "கிறீம் வந்தா இதுவும் ஆறிரும்" என்று துணியால் கட்டியிருந்தார்.

நான் சமூகவியல் படித்தவள். அவருக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. வைத்தியர் ஒருவரிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன், சகோதரிகளே.

செம்பு என்றதும் தேயிலைக் கொழுந்தில் கொப்புளம் போடும் நோய்க்கு அடிக்கும் மருந்துதான் நமக்கு நினைவு வரும். ஆனால் நம் உடம்புக்கும் மிகச் சிறிதளவு செம்பு தேவை. தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரத நார். அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைக்க உதவும் நொதியம் செம்பு இல்லாமல் இயங்காது.

1973இல் அமெரிக்காவில் லோரன் பிகார்ட் என்ற ஆய்வாளர், மனித இரத்தத்தின் திரவப் பகுதியிலிருந்து ஒரு சிறு புரதத் துண்டைப் பிரித்தெடுத்தார். மூன்றே அமினோ அமிலங்கள் கோத்த அது செம்பை இறுகப் பற்றிக்கொள்ளும். 1988இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள், ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில் செம்போடு கூடிய இத்துண்டைச் சேர்த்தபோது கொலாஜன் கூடுதலாக உருவானது. கொலாஜனுக்குள்ளேயே இத்துண்டு இருக்கிறது. காயம் பட்டு நார் உடையும்போது வெளிப்பட்டு, திருத்த வேலையைத் தூண்டலாம் என்பது அவர்களது கருத்து.

சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலும் இந்த ஆய்வு நடந்தது. தோல் பதனிடுவதை ஆராயும் இடத்துக்குப் புண்ணோடு என்ன வேலை என்று நினைக்கலாம். பதனிடும் தோலும் பெரும்பாலும் கொலாஜன்தானே! அங்குள்ளவர்கள் இப்புரதத் துண்டைக் கொலாஜன் படலத்தில் சேர்த்து எலிகளின் காயத்தில் வைத்தார்கள். காயம் விரைவாக மூடியதாக 2005இல் எழுதினார்கள். 2007இல் நீரிழிவுள்ள எலிகளிலும் பலன் கண்டதாக அறிவித்தார்கள்.

நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் எலியின் காயம் பெரும்பாலும் தோல் சுருங்கியே மூடும், மனிதரின் காயம் அப்படியல்ல. ஆறாத புண்ணுக்கு வைத்தியசாலைகளில் வழமையாகக் கொடுக்கும் மருந்தாக இது இன்னும் வரவில்லை. கடையில் விற்பது அழகுசாதனக் கிறீம். அது பழைய ஷெல் தழும்பை அழித்துவிடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. செம்பு நல்லது என்று கேட்டுவிட்டுத் துருசைக் கரைத்துப் புண்ணில் இடவே கூடாது. அது தோலை அரிக்கும், உடம்பில் சேர்ந்தால் நஞ்சு.

அக்காவைக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். இரத்தத்தில் சீனி மிக அதிகமாக இருந்தது. அவருக்கு அதுவரை தெரியாது. புண்ணைச் சுத்தம் செய்து மருந்து கட்டினார்கள், சீனிக்கு மாத்திரை கொடுத்தார்கள். புண் மூட இரண்டு மாதம் பிடித்தது. கிறீமை நம்பி இன்னும் காத்திருந்தால் பாதத்தையே இழந்திருக்கலாம் என்றார் வைத்தியர்.

ஆகவே சகோதரிகளே, இரண்டு வாரத்தில் ஆறத் தொடங்காத புண்ணை, அதுவும் பழைய தழும்பில் புதிதாக வந்த புண்ணை, வைத்தியரிடம் காட்டுங்கள். சீனி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கத்தியோ முள்ளோ பட்டால் சுத்தமான நீரால் கழுவி, ஏற்புவலித் தடுப்பூசி பற்றி விசாரியுங்கள். பருப்பு, கவ்பி, முட்டை, மீன் என இயன்றதைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு வெறும் ரொட்டியோடு நிறுத்தும் தாய்க்கு, புண் ஆறத் தேவையான புரதம் எங்கிருந்து வரும்?

அக்காவின் தழும்பு அப்படியேதான் இருக்கிறது. சீட்டுப் பணத்தில் மகளுக்குச் சப்பாத்தும், தனக்குப் பாதத்தை மூடும் செருப்பும் வாங்கியிருந்தார். "தழும்பு கெடக்கட்டும் மிஸ், கால் இருக்குல்ல" என்றார்.